அப்பச்சோடா அறிவித்தல்

யோகலிங்கத்தின் வாயின் இடது பக்கம் எரியத் தொடங்கியது 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சோற்றுக்கு உறைப்பில்லாத தேங்காய்ப்பால் சொதியைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொண்டார். மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பைத் தொடாமல் கை கழுவப் போனபோதுதான் மனைவி தவமலருக்குச் சந்தேகம் வந்தது. இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் நண்டை வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

"என்ன, நண்டு சரியில்லையோ?"

"நண்டு நல்லம். வாய்தான் சரியில்லை."

"எத்தினை நாளா?"

"கன நாளில்லை" என்றார் யோகலிங்கம். அது பொய்.

அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. வீடு ஓர்ஸ் ஹில் சரிவில். அங்கிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் தனியார் பஸ்கள் நிற்கும் சின்னத் தரிப்பிடம் ஒன்று இருந்தது. அங்கே அவர் டைம்கீப்பர். பஸ்கள் வருவதையும் போவதையும் ஒரு கொப்பியில் எழுதுவார். தகரக் கூரைக்குக் கீழே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் அறிவிப்பார். சுவரில் நேர அட்டவணை எழுதிய பலகை ஒன்று தொங்கியது. அதை யாரும் பார்ப்பதில்லை. யோகலிங்கம் சொன்னால் பஸ் வரும் என்பது சனங்களின் நம்பிக்கை. அப்படிச் சொல்லியும் வராவிட்டால் பிழை பஸ்ஸினுடையது என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

காலை ஆறு மணிக்கு முதல் வெற்றிலை போடுவார். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. நன்றாகக் குதப்பி இடது கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு மைக்கைத் திறப்பார். இருபத்தேழு வருடமாக 'ஈச்சிலம்பற்று' என்ற சொல் அந்த உருண்டையைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வந்தது. புதிதாகக் கேட்பவர்களுக்கு விளங்காது. பழகியவர்களுக்கு வேறு எவர் சொன்னாலும் விளங்காது.

தவமலர் அவரை மறுநாளே ஆஸ்பத்திரிப் பற்சிகிச்சைப் பகுதிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டொக்டர் ரிப்கா கிண்ணியாக்காரி. முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். விளக்கை இழுத்து வைத்து வாயைப் பார்த்தார். உதட்டின் இடது மூலைக்குச் சற்று உள்ளே, கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. நடுவில் அங்கங்கே சிவப்பு. துணித் துண்டால் துடைத்துப் பார்த்தார். அது போகவில்லை.

"ஐயா, வெத்திலை எத்தினை வருஷமாப் போடுறீங்கள்?"

"ஒரு முப்பது வரும்."

"புகையிலையும் சேத்தோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா?"

யோகலிங்கம் சின்ன விரலின் நுனியைக் காட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

அவர் மற்ற விரல்களையும் விரித்தார். யோசித்துவிட்டு மற்றக் கையையும் தூக்கினார்.

ரிப்கா திட்டின் மேல் ஒரு பஞ்சுக் குச்சியை உருட்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். வெற்றிலையை அன்றைக்கே விடச் சொன்னார். திட்டிலிருந்து சின்னத் துண்டு ஒன்று வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும், சித்திரை வருடப் பிறப்பு முடிந்த பிறகு அதற்கு வரும்படியும் சொல்லிக் கிளினிக் கொப்பியில் திகதி போட்டார்.

ஒரு கிழமையில் பஞ்சுக் குச்சியின் முடிவு வந்தது.

"பங்கசு இருக்கு ஐயா. பூஞ்சணம். கண்டிடா எண்டு பேர். எல்லாரின்ர வாயிலயும் கொஞ்சம் இருக்கும். உங்கட வாயில கனக்க இருக்கு. மாத்திரை தாறன், வாயில வைச்சுக் கரையவிடுங்கோ. எரிவு குறையும். குறைஞ்சாலும் துண்டு எடுக்கத்தான் வேணும். விளங்கினதோ?"

"விளங்கினது" என்றார் யோகலிங்கம். அவருக்கு விளங்கியது முதல் பாதி.

காரணம் இருந்தது. அவருடைய தகப்பன் தொண்டையில் கட்டி வந்து செத்தவர். கடைசி மூன்று மாதம் அவரால் பேச முடியவில்லை. கையால் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் புற்றுநோய் என்ற சொல்லை எவரும் வாயால் சொன்னதில்லை. 'அந்த வருத்தம்' என்பார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறிய நேரம் முழுவதும் யோகலிங்கம் அந்த வருத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது டொக்டர் பங்கசு என்றுவிட்டார்.

"பங்கசாம்" என்று வீட்டுக்கு வரும் வழியில் தவமலரிடம் சொன்னார்.

"பழைய பாணில பூக்குமே, அதோ?"

"அதின்ர சொந்தக்காரராம்."

இரண்டு கிழமை மாத்திரை வைத்தார். எரிவு நின்றது. சிவப்பும் குறைந்தது. வெள்ளைத் திட்டு மட்டும் மெல்லியதாக அங்கேயே இருந்தது. புகையிலையை விட்டார். வெற்றிலையையும் பாக்கையும் விடவில்லை. புகையிலை இல்லாத வெற்றிலை வெற்றிலைக் கணக்கில் வராது என்பது அவருடைய எண்ணம். துண்டு எடுக்கும் நாள் வந்தபோது, வருடப் பிறப்புக்கு ஊருக்கு வந்த சனம் திரும்பிப் போகும் நாட்கள், தரிப்பிடத்தை விட்டு வர ஏலாது என்றார். சனம் கூடத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே எல்லாரும் போய்விட்டார்கள். அதன் பிறகு அவர் ஆறு மணி வரைக்கும் கதிரையில் சும்மா இருந்தார்.

மூதூர் பஸ் ஓட்டும் ஸெய்னுதீன் அவருக்கு இருபது வருடப் பழக்கம். யோகலிங்கத்தின் வாய் விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியும். வைகாசி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே டைம்கீப்பரின் அறைக்கு வந்தார்.

"அண்ணன், உங்களுக்கு ஒண்டு அனுப்பி இருக்கன். கேட்டீங்களா?"

வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு. இந்தியாப் பக்கத்துத் தமிழில் ஒரு ஆண் குரல், ஆறு நிமிடம் பேசியது. புற்றுநோய் என்று ஒன்று கிடையாதாம். அது உடம்புக்குள் வளரும் பங்கசுதானாம். இத்தாலியில் ஒரு டாக்டர் இதைக் கண்டுபிடித்தாராம். மருந்துக் கம்பனிகள் மறைத்துவிட்டனவாம். பங்கசுக்குக் காரம் ஆகாது. அப்பச்சோடா காரம். ஆகவே தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவை வெந்நீரில் கலந்து குடித்தால் கட்டி கரைந்துவிடும்.

யோகலிங்கம் அதை மூன்று தரம் கேட்டார். அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. வாயில் பங்கசு இருந்ததை டொக்டரே சொன்னார். பங்கசு மருந்துக்கு எரிவு போனதை அவரே கண்டார். தகப்பனைக் கொன்றதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆறு நிமிடக் குரல் இவற்றையெல்லாம் ஒரு நூலில் கோத்துத் தந்தது.

"நம்மட டொக்டர்மாருக்கு இது தெரியாதா?" என்று ஸெய்னுதீன் கேட்டார்.

"தெரியும். அரைவாசி சொன்னவ" என்றார் யோகலிங்கம்.

அடுத்த நாளிலிருந்து சோடா குடித்தார். நல்ல விஷயம் ஒன்று தெரிந்திருந்தும் தனக்குள் வைத்திருப்பது சரியில்லை என்று அவருக்குப் பட்டது. கையில் மைக் இருந்தது. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இப்படி அறிவித்தார்:

"பயணிகளின் கவனத்துக்கு. புற்றுநோய் என்பது ஒரு பங்கசு எனத் தெரியவந்துள்ளது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவை வெந்நீரில் கலந்து அருந்தவும். மூதூர் ஊடாக ஈச்சிலம்பற்று செல்லும் பஸ் இரண்டாம் இலக்கத் தரிப்பில் நிற்கிறது."

ஆறு நாள், நாளுக்கு ஒரு தரம், அதே சொற்களில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வந்து மேசைக் கரண்டியா தேக்கரண்டியா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்றாவதாக ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நீலக் குடை ஒன்றை இடுக்கிக்கொண்டு, கிளினிக் கொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். காலை ஈச்சிலம்பற்று பஸ்ஸில் வந்து இறங்கியவர்.

"நீங்கள் இப்ப சொன்னது எல்லாக் கட்டிக்குமோ?"

"எல்லாத்துக்கும்தான்."

"நெஞ்சில வாறதுக்கும்?"

"பங்கசு எங்க இருந்தாலும் பங்கசுதானே."

அந்தப் பெண் கொப்பியையும் குடையோடு சேர்த்து இடுக்கிக்கொண்டார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகும் பக்கம் திரும்பாமல், ஊருக்குத் திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டார். அந்தப் பஸ்தான் நின்றுகொண்டிருந்தது. யோகலிங்கம் நடத்துநரைக் கூப்பிட்டு யன்னல் ஓரத்தில் இடம் எடுத்துக் கொடுத்தார். அன்று முழுவதும் அவருக்கு மனம் நிறைவாக இருந்தது.

ஆடி மாதம் வந்தபோது யோகலிங்கத்தின் கால் வீங்கியது. பிரஷர் கூடியது. அறிவித்தலின் நடுவில் வயிற்று வாயு ஏவறையாக வந்தது. பஸ் புறப்படும் நேரமும் ஏவறையும் சேர்ந்து ஒலிபெருக்கியில் போயின. இவற்றைவிடப் பெரிய விஷயம், திட்டு திரும்பவும் தடித்தது. அதன் ஓரத்தில் ஆறாத புண் ஒன்றும் வந்தது. சொதி கூடுதலாகச் செலவழிவதைத் தவமலர் கண்டார். குசினி அலுமாரியில் வெறும் அப்பச்சோடாப் பைக்கற்றுகள் கிடந்ததையும் கண்டார். அந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை.

"இது எதுக்கு?"

யோகலிங்கம் சொன்னார். தவமலர் இடையில் ஒன்றும் கேட்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "நடவுங்கோ" என்றார்.

டொக்டர் ரிப்கா கொப்பியைப் பார்த்தார். சித்திரையில் வராததைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்து இருந்தார்.

"ஏன் ஐயா வரேல்லை?"

பங்கசுக்கு எதற்குத் துண்டு எடுக்க வேண்டும் என்று யோகலிங்கம் கேட்டார். பிறகு குரல் பதிவில் இருந்ததை ஒழுங்காக, ஒன்றும் விடாமல் சொன்னார். ரிப்கா சிரிக்கவில்லை. அதுதான் தனக்குப் பயத்தைத் தந்தது என்று யோகலிங்கம் பிற்பாடு சொன்னார்.

"நீங்கள் கேட்டதில ஒரு சின்ன உண்மை இருக்கு" என்றார் ரிப்கா. "கட்டியளுக்குள்ள பங்கசின்ர அடையாளம் இருக்கு எண்டு ஆராய்ச்சி செய்த ஆக்கள் சொல்லியிருக்கினம். குடல், நுரையீரல், நெஞ்சு, கன இடங்களில. ஆனா நல்லாக் கொஞ்சம். அது உண்மையில அங்கயே இருந்ததோ, சோதிக்கேக்க வெளியில இருந்து கலந்ததோ எண்டும் சண்டை பிடிக்கினம். இருந்ததெண்டே வைச்சாலும், அதுதான் கட்டியைக் கொண்டு வந்ததோ, கட்டி வந்து பழுதான இடத்தில அது போய்க் குந்தினதோ, ஒருத்தருக்கும் தெரியாது."

"என்ர வாயில?"

"உங்களுக்கு இருக்கிற மாதிரித் திட்டில இந்தப் பங்கசு அடிக்கடி இருக்கும். அது இருக்கிற திட்டு கெட்டுப்போற ஆபத்துக் கூட எண்டு நினைக்கிறம். அதாலதான் மருந்து தந்தனான். அதாலதான் துண்டும் கேட்டனான். பங்கசு எண்டு சொன்னது பயப்பட வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கில்லை."

யோகலிங்கம் இடது கன்னத்தைத் தடவினார்.

"முப்பது வருஷம் பாக்கும் புகையிலையும் செய்ததைப் பங்கசின்ர தலையில போட ஏலாது ஐயா. சோடா அங்க போகவும் மாட்டுது. வயித்துக்குள்ள போய் முடிஞ்சிரும். பிரஷரைத்தான் கூட்டும்."

"அப்ப நான் சொன்னது பிழையோ?"

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"பஸ்ஸுக்கு வந்த சனத்துக்கு" என்றார் யோகலிங்கம். "மைக்கில."

ரிப்கா தவமலரைப் பார்த்தார். தவமலர் சுவரைப் பார்த்தார். ரிப்கா, "எத்தினை நாள்?" என்று கேட்டார். ஆறு நாள் என்றார் யோகலிங்கம். ரிப்கா கையுறையை மாட்டினார். விறைப்பூசி போட்டுத் துண்டு எடுத்து, மூன்று தையல் போட்டார். முடிவு வர மூன்று கிழமை ஆகும் என்றார்.

அந்த மூன்று கிழமையில் யோகலிங்கம் தன்னுடைய முடிவைப் பற்றி நினைத்ததைவிட நீலக் குடையைப் பற்றித்தான் கூடுதலாக நினைத்தார். தையலோடு பேசக் கடினமாக இருந்தது. அப்படியிருந்தும் மறுநாள் பத்தரை மணிக்கு அறிவித்தார்:

"பயணிகளின் கவனத்துக்கு. அப்பச்சோடா பற்றி வைகாசி மாதம் இங்கு அறிவித்தது பிழை. கட்டி உள்ளவர்கள் தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். பிழைக்கு வருந்துகிறோம்."

ஸெய்னுதீன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

"அண்ணன், நான்தானே அனுப்பின. என்ட பேரையும் சேத்துச் சொல்லுங்க."

"நீங்கள் எனக்குத்தான் அனுப்பினனீங்கள். நான்தான் எல்லாருக்கும் சொன்னனான்" என்றார் யோகலிங்கம்.

பிழையை ஆறு நாள் சொன்னதால் திருத்தத்தையும் ஆறு நாள் சொன்னார். ஆறாவது நாள் முடிவில்தான் அவருக்கு ஒன்று தெரிந்தது. இந்தக் கிழமை நின்று கேட்டவர்கள் வைகாசியில் கேட்டவர்கள் அல்லர். அந்தப் பெண் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தியே மூன்று மாதமாகிவிட்டது. ஒலிபெருக்கி இருநூறு மீற்றர் தூரம் கேட்கும். அவர் இருப்பது அதற்கு வெளியே.

அடுத்த செவ்வாய்க்கிழமை யோகலிங்கம் லீவு போட்டுவிட்டு ஈச்சிலம்பற்று பஸ்ஸில் ஏறினார். இருபத்தேழு வருடத்தில் அவர் ஒரு நாளும் அந்தப் பஸ்ஸில் போனதில்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று பஸ் நிற்கும் இடங்கள் அவருக்கு வாய்ப்பாடம். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. அது இவ்வளவு தூரம் என்று தெரிந்திருந்தால், தாமதமாகப் போகும் நாட்களில் கொஞ்சம் மன்னிப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார்.

பெயர் தெரியாது. நடத்துநரிடம் நீலக் குடை என்றார். நடத்துநர் அதிகம் யோசிக்கவில்லை.

"வள்ளியம்மாக்கா. இலங்கைத்துறை. அப்பக்கடை வைச்சிருக்கிறா."

யோகலிங்கம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடை கடற்கரைக்குப் போகும் பாதையில், கிடுகு வேய்ந்த ஒரு சாய்ப்பு. காலை வியாபாரம் முடிந்திருந்தது. வள்ளியம்மா பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். கணவர் கடலுக்குப் போயிருந்தார். வள்ளியம்மா இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வேலை செய்தார். யோகலிங்கத்தின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"பஸ்ஸுக்கு அறிவிக்கிறவரல்லோ. இருங்கோ."

"இருக்க வரேல்லை. ஒண்டு சொல்ல வந்தனான். அண்டைக்குச் சோடாக் கதை சொன்னனானல்லோ, அது பிழை."

வள்ளியம்மா பானையைக் கீழே வைத்தார்.

"நான் ஒரு நாளும் விடாமக் குடிச்சனான். அப்பத்துக்கு வாங்கிறதில எடுத்து."

"அது அப்பத்துக்கு மட்டும்தானாம்."

"கட்டி பெருத்திட்டுது" என்றார் வள்ளியம்மா. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். "கரையிறதுக்கு முதல் பெருக்குமாக்கும் எண்டு நினைச்சன்."

யோகலிங்கம் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தவர். அவற்றை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். உடனே போக வேண்டும் என்றார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனீங்கள். நல்ல உறுதியாச் சொன்னனீங்கள். இண்டைக்குச் சொல்லுறது சரியெண்டு நான் எப்பிடி நம்புறது?"

அது நியாயமான கேள்வி. யோகலிங்கம் வெளிச்சம் விழும் பக்கமாகக் கதிரையைத் திருப்பி வைத்து அதில் இருந்தார். விரலால் உதட்டின் மூலையை இழுத்து வாயைத் திறந்து காட்டினார். தையல் இன்னும் கரையவில்லை. வள்ளியம்மா குனிந்து பார்த்தார். திட்டைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கத்தால் போன ஒரு ஆள் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"நீங்களும் குடிச்சனீங்களோ?"

வாயை மூடாமலே யோகலிங்கம் தலையாட்டினார்.

"உங்களுக்கும் கரையேல்லை."

அவர் மறுபடியும் தலையாட்டினார்.

வள்ளியம்மா உள்ளே போனார். கிளினிக் கொப்பியைத் தேடி எடுக்க நேரமெடுத்தது. அதில் வைகாசி மாதத் திகதிக்குப் பிறகு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை கிளினிக். வாறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. யோகலிங்கம் காலை பஸ் வந்ததும் அறையை விட்டு இறங்கிப் போய், இறங்கியவர்கள் எல்லாரையும் பார்த்தார். ஸெய்னுதீன் தன் பஸ்ஸைப் பத்து நிமிடம் பிந்தி எடுத்தார், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வள்ளியம்மா கணவரோடு வந்தார். முதல் கிழமை கணவருக்கு விளங்கப்படுத்துவதிலேயே போய்விட்டது என்றார். யோகலிங்கம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடவே நடந்தார். அந்த நேரத்தில் இரண்டு பஸ்கள் அறிவிக்கப்படாமலே போயின.

அவருடைய முடிவும் அந்தக் கிழமைதான் வந்தது. திட்டின் பெரும்பகுதி கெட்டுப்போகும் தறுவாயில் இருந்தது. புண் இருந்த சின்ன இடத்தில் அந்த வருத்தம் தொடங்கியிருந்தது. ஆரம்ப நிலை என்றார் ரிப்கா. சித்திரையில் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தவமலர் கேட்டார். அதைச் சொல்ல ஏலாது என்றார் ரிப்கா. கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அது முழுப் பதில் இல்லை என்று தெரியும்.

ஐப்பசியில் கண்டியில் சத்திரசிகிச்சை நடந்தது. கன்னத்தின் உட்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். யோகலிங்கத்தின் வாய் இப்போது இரண்டு விரல் அகலம்தான் திறக்கும். நண்டைத் தவமலர் உடைத்துச் சதையாக எடுத்துக் கொடுக்க வேண்டும். வெற்றிலை போடுவதில்லை. தை மாதம் வேலைக்குத் திரும்பி வந்து மைக்கைத் திறந்தபோது, மருந்து குடித்துத் தொண்டையைச் சரிப்படுத்திவிட்டாரா என்று பயணிகள் விசாரித்தார்கள். இப்போதுதான் ஊர்ப் பெயர்கள் தெளிவாகக் கேட்கின்றனவாம்.

வள்ளியம்மாவின் விஷயம் அவ்வளவு சுருக்கமாக முடியவில்லை. நோய் கக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், கதிர் பிடித்தார்கள். முடி கொட்டி, சுருட்டையாகத் திரும்பி முளைத்தது. அந்த மூன்று மாதம் பிந்தாமல் இருந்திருந்தால் கணுக்களுக்குப் போயிராதா என்று யோகலிங்கம் ஒருநாள் வார்ட்டில் இருந்த டொக்டரை நிறுத்திக் கேட்டார். போகாமலும் இருந்திருக்கலாம், முன்னரே போயிருக்கவும் கூடும் என்று பதில் வந்தது. யோகலிங்கம் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை. வள்ளியம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர், "நீங்கள் சொன்னதாலயும்தான். எனக்கும் போகப் பயமா இருந்தது, அதாலயும்தான்" என்றார். 

2025 பங்குனியில் ரிப்கா யோகலிங்கத்திடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். வாயில் திட்டு வந்தவர்களின் உமிழ்நீரையும், வெட்டி எடுத்த துண்டுகளின் மிச்சத்தையும் ஆராய்ச்சி ஒன்றுக்குச் சேர்க்கிறார்கள் என்றார்.

"எதைப் பாக்கப் போகினம்?"

"பங்கசு முதல் வந்ததோ, திட்டு முதல் வந்ததோ எண்டு."

"முடிவை எனக்குச் சொல்லுவினமோ?"

"உங்களுக்கெண்டு தனியாச் சொல்ல மாட்டினம். எல்லாரையும் சேத்துத்தான் சொல்லுவினம். கன வருஷம் எடுக்கும். தெரியாமலும் போகலாம்."

யோகலிங்கம் கையெழுத்து வைத்தார். அவர்கள் கொடுத்த குழாயில் உமிழ்நீர் எடுக்க இருபது நிமிடம் ஆனது. இரண்டு விரல் வாயால் சின்னக் குழாய்க்குள் துப்புவது சுலபமான காரியம் அல்ல. சட்டையில் பாதி, குழாயில் பாதி.

அன்றைக்கு வள்ளியம்மாவுக்கும் ஆஸ்பத்திரியில் ஸ்கான். இருவரும் மருந்தகத்துக்கு முன்னால் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். வீங்கியிருந்த இடது கையை வள்ளியம்மா மடித்த குடையின் மேல் வைத்திருந்தார். யோகலிங்கம் ஆராய்ச்சிக் கதையைச் சொன்னார்.

"என்ரையையும் எடுப்பினமோ?"

"வாய் மட்டும்தானாம்."

"நெஞ்சில இருக்கிற பங்கசைப் பாக்கேல்லையோ?"

"அதுக்கு வேற ஆக்கள் வேற இடத்தில பாக்கினமாம்."

வள்ளியம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மூன்று மாதம் சோடா குடித்தவர் தானும்தான் என்றார். அதையும் ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றார். யோகலிங்கம் எழும்பிப் போய் ரிப்காவிடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"படிவத்தில அதுக்கு இடமில்லையாம். ஆனா டொக்டர் தன்ர கொப்பியில எழுதி வைச்சிருக்கிறா."

"என்ர பேர் போட்டோ?"

"பேர் போடேல்லை. இலங்கைத்துறை, பெண், ஐம்பத்திரண்டு எண்டு போட்டிருக்கிறா."

"ஐம்பத்தொண்டு" என்றார் வள்ளியம்மா.

யோகலிங்கம் திருத்தச் சொல்லத் திரும்பவும் எழும்பினார். அந்த நேரம் ஸ்கான் அறையிலிருந்து வள்ளியம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த முறை படத்தில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. அடுத்தது ஆறு மாதத்தில்.